திங்கட்கிழமைப் புள்ளி

பியாட்றிஸ்: திரும்பவும் அடிக்குது. இது மூண்டாந்தரம்.

இராசசிங்கம்: அடிக்கட்டும்.

பியாட்றிஸ்: உங்கடை மகன்தான். மெல்பேணிலை இருந்து விடியத் தொடக்கம் அடிக்கிறான். எடுத்து ஒரு வார்த்தை கதைச்சா என்ன?

இராசசிங்கம்: சேர்ச்சுக்கு வெளிக்கிடுற நேரத்திலை என்ன போன்... பேந்து கதைக்கலாம். என்ரை மற்றச் சப்பாத்து எங்கை?

பியாட்றிஸ்: காலுக்கு முன்னாலை.

இராசசிங்கம்: எந்தப் பக்கம்... ஓம், ஓம். கண்டிட்டன்.

பியாட்றிஸ்: நிண்டிட்டுது. இந்தா, மெசேச் போட்டிருக்கிறான். வாசிக்கிறன், கேளுங்கோ.

இராசசிங்கம்: வேண்டாம், பியா.

பியாட்றிஸ்: "அப்பா, எங்கடை வானம் பாக்கிற குழுவை நடத்துற கேப்ரவுண் மனுசி திரும்பவும் எழுதியிருக்கிறா. திங்கட்கிழமை அந்தக் கலக்ஸியைப் பாத்து வரைஞ்சது எங்கடை குழுவிலை நீங்கள் ஒராள்தான். மற்ற இடமெல்லாம் மழையும் முகிலும். இண்டைக்கு உங்கடை நேரம் பன்னிரண்டு மணிக்குள்ளை படம் வேணுமாம். ஏன் அனுப்புறியளில்லை? சுகமில்லையோ?" ...கேட்டியளோ? சுகமில்லையோ எண்டு கேக்கிறான்.

இராசசிங்கம்: சுகமாத்தான் இருக்கிறன்.

பியாட்றிஸ்: அப்ப அனுப்புவம். படம் வரையிற கொப்பி மேசை லாச்சிக்குள்ளைதான் கிடக்கு. போனாலை ஒரு படம் எடுத்தா அரை நிமிச வேலை.

இராசசிங்கம்: இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை.

பியாட்றிஸ்: ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வெட்டுறன், சட்டி கழுவுறன். அதுக்கெல்லாம் வாய் திறக்காத மனுசன், ஒரு படம் எடுக்க மட்டும் ஓய்வுநாள் பாக்குதாம்.

இராசசிங்கம்: அது வேறை, இது வேறை.

பியாட்றிஸ்: என்ன வேறை?

இராசசிங்கம்: ஒன்றரைக்கோடி வருசமா வந்துகொண்டிருந்த வெளிச்சம். இன்னும் ரெண்டு நாள் பிந்தினா என்ன குறைஞ்சுபோகும்?

பியாட்றிஸ்: வெளிச்சம் பொறுக்கும். கேப்ரவுண் மனுசி பொறுக்காது. ...நில்லுங்கோ, நில்லுங்கோ. இஞ்சாலை திரும்புங்கோ.

இராசசிங்கம்: ஏன்?

பியாட்றிஸ்: சேட்டுத் தெறி மாறிப் பூட்டியிருக்கிறியள். ஒரு பக்கம் ஏணி வைச்ச மாதிரி நிக்குது.

இராசசிங்கம்: அவசரத்திலை...

பியாட்றிஸ்: போன கிழமையும் அவசரம். ஒரு கால் கறுப்புச் சொக்ஸ், ஒரு கால் நீலம். நாடியை நிமித்துங்கோ, நான் பூட்டுறன்.

இராசசிங்கம்: நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?

பியாட்றிஸ்: சும்மா நில்லுங்கோ. ...ஜொனதனுக்கு நான் என்ன மறுமொழி போட?

இராசசிங்கம்: ஒண்டும் போடவேண்டாம்.

பியாட்றிஸ்: இஞ்சருங்கோ, எனக்கு உங்களை விளங்கேல்லை. நாலு வருசமா உந்த ரெலஸ்கோப்போடை கிணத்தடியிலை நிக்கிறியள். தெற்குப் பக்கம் வெளிச்சம் விழுகுது எண்டு பக்கத்துக் காணிக்காரனோடை சண்டை பிடிச்சு, அவன்ரை லைற்றைக் கூடத் திருப்ப வைச்சனீங்கள். எல்லாம் அந்த ஒரு நுளம்புத்திரிக்காக.

இராசசிங்கம்: கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த சுருள் கலக்ஸி. நுளம்புத்திரி இல்லை.

பியாட்றிஸ்: பாக்கக் கொளுத்தி வைக்கிற நுளம்புத்திரிச் சுருள் மாதிரித்தானே. இப்ப அதுக்குள்ளை ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. வியாழக்கிழமை தென்னாபிரிக்காவிலை ஒருத்தன் கண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டான். எப்ப தொடங்கினதெண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது. திங்கட்கிழமையே அது அங்கை இருந்ததெண்டு உங்கடை படம் காட்டினா...

இராசசிங்கம்: காட்டினா?

பியாட்றிஸ்: உலகத்திலை முதல் கண்டது நீங்கள். தெல்லிப்பழை இராசசிங்கம் மாஸ்ரர். அதுக்கு ஆராவது கசந்த முகத்தோடை இருப்பினமோ?

இராசசிங்கம்: காட்டாது.

பியாட்றிஸ்: என்ன காட்டாது?

இராசசிங்கம்: என்ரை படம் அப்பிடி ஒண்டும் காட்டாது. எப்பவும் வரையிற மாதிரித்தான் அண்டைக்கும் வரைஞ்சனான். நடுவிலை கட்டி, ரெண்டு பக்கம் ரெண்டு கை. புதுசா ஒண்டும் இல்லை.

பியாட்றிஸ்: இருக்கு.

இராசசிங்கம்: என்ன இருக்கு?

பியாட்றிஸ்: புள்ளி.

இராசசிங்கம்: என்ன புள்ளி?

பியாட்றிஸ்: இடக்கையின்ரை நுனிக்குக் கொஞ்சம் மேலை, சின்னனா ஒரு புள்ளி. தென்னாபிரிக்காக்காரன் எடுத்த போட்டோவிலை எங்கை இருக்கோ, அச்சொட்டா அங்கை. நீங்கள்தானே வரைஞ்சனீங்கள்.

இராசசிங்கம்: ஓம்... நான்தான்.

பியாட்றிஸ்: பேந்தென்ன, புதுசாக் கேக்கிற மாதிரிக் கேக்கிறியள்?

இராசசிங்கம்: மறந்துபோனன். எழுபத்திரண்டு வயசு, பியா. ...நல்லாப் பாத்தனீரோ? ஈ இருந்த அடையாளமா இருக்கும்.

பியாட்றிஸ்: ஈ பென்சில் கொண்டு திரியிறதில்லை.

இராசசிங்கம்: அப்ப பென்சில் தட்டுப்பட்டிருக்கும்.

பியாட்றிஸ்: தட்டுப்பட்டா இழுபட்டுக் கிடக்கும். இது வட்டம். முப்பது வருசம் தையல் படிப்பிச்சனான், குத்தினதுக்கும் இழுபட்டதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதோ?

இராசசிங்கம்: உண்மையான நுளம்புத்திரியின்ரை சாம்பல் விழுந்திருக்கும். மேசைக்குக் கீழை கொளுத்தி வைக்கிறனீர்தானே.

பியாட்றிஸ்: ஊதிப் பாத்திட்டன். போகேல்லை.

இராசசிங்கம்: ஊதிப் பாத்தனீரோ... எப்ப?

பியாட்றிஸ்: எப்பவோ. ஏன், பாக்கக்கூடாதோ?

இராசசிங்கம்: சேர்ச்சிலை முதல் மணி அடிச்சிட்டுதோ?

பியாட்றிஸ்: இன்னும் இல்லை. கதையை மாத்தாதையுங்கோ. திங்கட்கிழமை நீங்கள் பாத்தனீங்கள்தானே?

இராசசிங்கம்: பாத்தனான். எட்டு மணி தொடக்கம் எட்டே முக்கால் மட்டும் நிண்டனான். அண்டைக்குத்தான் நீர் கிணத்தடியிலை பாம்பைக் கண்டு மூச்சு வாங்க ஓடி வந்தனீர். நினைவிருக்கோ?

பியாட்றிஸ்: ...ஓம். பாம்பு.

இராசசிங்கம்: நான் உள்ளுக்கை வந்து சாப்பிட இருந்திட்டன். நீர் ரெலஸ்கோப்புக்குத் துணி மூடப் போன நேரந்தான் அது.

பியாட்றிஸ்: நினைவிருக்கு. பாத்து வரைஞ்சா, பாத்து வரைஞ்சதெண்டு அனுப்புறதுக்கு என்ன தயக்கம்?

இராசசிங்கம்: அனுப்ப ஏலாது. அவ்வளவுதான்.

பியாட்றிஸ்: ஏன் ஏலாது? நான் உங்களைத் தெரியாமல் கேக்கேல்லை. சொந்தப் பிள்ளையின்ரை விடைத்தாளிலை அரை மார்க் கூடப் போடாத மனுசன் நீங்கள். அவன் ஒரு கிழமை உங்களோடை கதைக்கேல்லை. அப்பிடிப்பட்ட ஆள் இப்ப மூண்டு நாளா மகனுக்கு ஒளிச்சுத் திரியுது. எனக்குப் பயமா இருக்கு.

இராசசிங்கம்: என்ன பயம்? ஒரு பயமும் வேண்டாம். ...ஆரோ கேற்றடியிலை.

பியாட்றிஸ்: கொலின்ஸ். ஓட்டோ கொண்டு வந்திட்டார்.

கொலின்ஸ்: மாஸ்ரர், வரலாமோ? அக்கா, வெளிக்கிட்டாச்சோ?

பியாட்றிஸ்: வாரும் கொலின்ஸ். நான் ரெடி. மாஸ்ரர்தான் மாப்பிள்ளை மாதிரி நிண்டு மினுக்குறார்.

கொலின்ஸ்: மினுக்கத்தானே வேணும், அக்கா. இண்டைக்கு அவரின்ரை நாள். மாஸ்ரர், கையைத் தாங்கோ. நட்சத்திரம் கண்டுபிடிச்ச கை.

இராசசிங்கம்: ஆர் சொன்னது உமக்கு?

கொலின்ஸ்: ஜொனதன்தான். நேற்றுப் பின்னேரம் எனக்கு எடுத்தவன். அப்பா போன் எடுக்கிறாரில்லை, ஒருக்காப் போய் ஆளைப் பாருங்கோ அங்கிள் எண்டான். என்ன விசயம் தம்பி எண்டு கேட்டன், எல்லாத்தையும் சொன்னான். எனக்குப் புல்லரிச்சுப்போச்சு, மாஸ்ரர். நேரை போய்ப் போதகரிட்டைச் சொல்லிப்போட்டன்.

இராசசிங்கம்: போதகரிட்டையோ?

கொலின்ஸ்: சேர்ச் செயலாளர் சொல்லாமல் வேறை ஆர் சொல்லுறது? மனுசனுக்கு நல்ல சந்தோசம். ஆராதனை முடிய உங்களை முன்னுக்குக் கூப்பிட்டு, எல்லாருக்கும் அறிவிக்கப் போறார். மகளிர் சங்கத்திலை பூச்செண்டும் கட்டினம். அதோடை பாடத்தையும் மாத்திப்போட்டார்.

இராசசிங்கம்: எந்தப் பாடத்தை?

கொலின்ஸ்: நீங்கள் இண்டைக்கு வாசிக்கிற வேதபாடத்தை. இந்த நாளுக்கு வானமும் நட்சத்திரமும் வாற பகுதிதான் பொருத்தம் எண்டார். இந்தாங்கோ, கடதாசியிலை அடிச்சுத் தந்தவர். இருபது வசனம். நடுவிலை கொஞ்சம் வாய்க்கை வராத பேருகள் கிடக்கு, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.

இராசசிங்கம்: ம்ம்... நல்ல பகுதி. நல்ல தெரிவு.

கொலின்ஸ்: மாஸ்ரர், கடதாசி இன்னும் மடிச்சபடி இருக்கு.

பியாட்றிஸ்: அவர் எந்தப் பகுதி எண்டு சொன்னாலே பாடம் ஒப்புவிக்கிற ஆள், கொலின்ஸ். நீர் போய் ஓட்டோவைத் திருப்பி வையும். வேலியோடை முட்டாமல். நாங்கள் பின்னாலை வாறம்.

கொலின்ஸ்: கெதியா வாங்கோ அக்கா. முதல் மணி அடிச்சுது, கேட்டுதோ?

பியாட்றிஸ்: கேட்டுது, கேட்டுது. ...போயிட்டார்.

இராசசிங்கம்: உந்த ஜொனதனுக்கு வாயிலை ஒண்டும் நிக்காது. ஊரெல்லாம் சொல்லி... பூச்செண்டாம். நான் போகேல்லை, பியா. தலையிடி எண்டு சொல்லும்.

பியாட்றிஸ்: கடதாசியை விரியுங்கோ.

இராசசிங்கம்: உண்மையாவே தலை இடிக்குது.

பியாட்றிஸ்: விரிச்சு வாசியுங்கோ. ரெண்டாம் மணிக்கு இன்னும் கால்மணித்தியாலம் இருக்கு.

இராசசிங்கம்: நீர் வாசியும். நான் கேக்கிறன்.

பியாட்றிஸ்: இண்டைக்கு வாசிக்கவிருந்த பழைய பாடத்தை நேற்று மூண்டுதரம் வாசிச்சுக் காட்டினன். போன மாசம் உங்கடை முறை வரேக்கையும் மூண்டுதரம். உம்மடை குரலிலை கேக்க நல்லா இருக்கு எண்டியள். நாப்பத்தாறு வருசத்திலை என்ரை குரலைப் பற்றி ஒருநாளும் ஒண்டும் சொல்லாத மனுசன். நான் அதை நம்பினன் எண்டு நினைச்சியளோ?

இராசசிங்கம்: நீர் என்ன சொல்லவாறீர்?

பியாட்றிஸ்: நான் சொல்ல ஒண்டும் இல்லை. நீங்கள்தான் சொல்லவேணும். சொல்லுங்கோவன்.

இராசசிங்கம்: கதவைச் சாத்தும்.

பியாட்றிஸ்: சாத்தியாச்சு.

இராசசிங்கம்: என்னாலை வாசிக்க ஏலாது, பியா. எழுத்துத் தெரியேல்லை. வலக்கண் போன வருசமே மங்கிப்போச்சு. இடக்கண்ணை நம்பி இருந்தன். மாசி மாசத்திலை இருந்து அதிலையும் நடுவிலை ஒரு புகை. எதை நேரை பாத்தாலும் அந்த இடத்திலை புகைதான் நிக்குது. உம்மடை முகத்திலையும்.

பியாட்றிஸ்: என்ரை முகத்திலையுமோ...

இராசசிங்கம்: காது தெரியுது. தோடு தெரியுது. சீலைக் கரை தெரியுது. நடுவிலைதான்...

பியாட்றிஸ்: ஏன் எனக்குச் சொல்லேல்லை?

இராசசிங்கம்: என்னத்தைச் சொல்ல? எங்கடை அம்மாவுக்குக் கண் போன பிறகு ஒன்பது வருசம் நீர்தான் கையைப் பிடிச்சுக் கொண்டு திரிஞ்சனீர். குளிக்க வாக்கிறதும் நீர், சோறு தீத்துறதும் நீர். இனி நானும் உம்மடை கையிலை தொங்கவோ? இந்த வயசிலை? எனக்கு வெக்கமா இருந்தது, பியா.

பியாட்றிஸ்: வெக்கம். என்னட்டை.

இராசசிங்கம்: அதோடை, சொன்னா முதல் வேலையா ரெலஸ்கோப்பை மூடச் சொல்லுவீர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான். அந்தக் குழுவிலை இருக்கிறவைக்கு நான் கிழவன் எண்டும் தெரியாது, பென்சன்காரன் எண்டும் தெரியாது. படம் வந்ததோ, நல்ல படமோ, அவ்வளவுதான் கதை.

பியாட்றிஸ்: அப்ப படம்?

இராசசிங்கம்: அதுதான் சொல்லவாறன். ...திங்கட்கிழமை நான் ஒண்டும் காணேல்லை.

பியாட்றிஸ்: ம்.

இராசசிங்கம்: திங்கட்கிழமை மட்டுமில்லை. மாசிக்குப் பிறகு ஒருநாளும் காணேல்லை. கிணத்துக்கட்டிலை நான் கீறி வைச்ச அடையாளத்துக்கு ரெலஸ்கோப்பைத் திருப்புவன், கண்ணை வைச்சுக்கொண்டு நிப்பன். இருட்டு. முக்கால் மணித்தியாலம் இருட்டைப் பாத்துக்கொண்டு நிப்பன். பேந்து உள்ளுக்கை வந்து, கை பழகின பழக்கத்திலை வரைவன். கட்டி, ரெண்டு கை. கொப்பியிலை என்ன விழுகுதெண்டு எனக்கே வடிவாத் தெரியாது.

பியாட்றிஸ்: கீழை என்ன எழுதுவியள்?

இராசசிங்கம்: உமக்குத் தெரியும்தானே.

பியாட்றிஸ்: நீங்கள் சொல்லுங்கோ.

இராசசிங்கம்: "என் கண்ணால் கண்டு வரைந்தது." குழுவின்ரை விதி அது. அதை எழுதிக் கையெழுத்து வைக்காத படத்தை அவை எடுக்கமாட்டினம். இருபத்திமூண்டு படம், பியா. இருபத்திமூண்டு பொய்க் கையெழுத்து. மகனுக்கு அரை மார்க் போடாத மனுசன்.

பியாட்றிஸ்: அதுதான் போன் எடுக்கப் பயம்.

இராசசிங்கம்: பயமில்லாமல்? இவ்வளவு நாளும் அந்தப் பொய்யாலை ஆருக்கும் ஒண்டும் ஆகேல்லை. பழைய கலக்ஸி, பழைய படம். இப்ப பாரும், நான் காணாத புள்ளி ஒண்டு கொப்பியிலை வந்து குந்தியிருக்கு. அது பென்சில் நுனி உடைஞ்சதோ, என்ன இழவோ. அதை நம்பி உலகத்துக்கு எழுதப் போகினம். சேர்ச்சிலை பூச்செண்டு. கடவுள் வேணுமெண்டே செய்யிற மாதிரி இருக்கு.

பியாட்றிஸ்: கடவுளை ஏன் இழுக்கிறியள்.

இராசசிங்கம்: கொப்பியை எடும்.

பியாட்றிஸ்: எதுக்கு?

இராசசிங்கம்: எடும் எண்டுறன்.

பியாட்றிஸ்: இந்தா. திங்கட்கிழமைப் பக்கம்.

இராசசிங்கம்: லாச்சிக்குள்ளை அழிறப்பர் கிடக்கும், அதையும் தாரும். ...இப்ப என்ரை விரலைப் பிடிச்சு அந்தப் புள்ளியிலை வையும்.

பியாட்றிஸ்: என்ன செய்யப் போறியள்?

இராசசிங்கம்: அழிக்கப் போறன். அழிச்சிட்டு ஜொனதனுக்கு எடுத்து, படத்திலை ஒண்டும் இல்லை, இனிமேல் படமும் இல்லை எண்டு சொல்லப் போறன். எங்கை புள்ளி? இதிலையோ?

பியாட்றிஸ்: இல்லை.

இராசசிங்கம்: இதிலையோ? காட்டும்.

பியாட்றிஸ்: காட்டமாட்டன்.

இராசசிங்கம்: பியா, விளையாடாதையும். அப்ப பக்கம் முழுக்க அழிப்பன்.

பியாட்றிஸ்: விடுங்கோ. கையை எடுங்கோ. கடதாசி கிழியப்போகுது.

இராசசிங்கம்: கிழியட்டும். பொய்தானே.

பியாட்றிஸ்: பொய் இல்லை. அந்தப் புள்ளி உண்மை.

இராசசிங்கம்: உமக்கு என்னெண்டு தெரியும்?

பியாட்றிஸ்: வைச்சது நான். இருங்கோ. கதிரை பின்னாலை இருக்கு, இருங்கோ. அழிறப்பரைத் தாங்கோ.

இராசசிங்கம்: நீர் வைச்சனீரோ? வியாழக்கிழமைச் செய்தி கேட்டிட்டோ? பேர் வரட்டும் எண்டோ?

பியாட்றிஸ்: என்னை அவ்வளவு கேவலமா நினைக்காதையுங்கோ. திங்கட்கிழமை வைச்சனான். கண்டிட்டு வைச்சனான்.

இராசசிங்கம்: நீர்... ரெலஸ்கோப்பிலை பாத்தோ?

பியாட்றிஸ்: மாசியிலை ஒருநாள் துணி மூடப் போனன். குழாயின்ரை முன்மூடி கழட்டேல்லை. மூடி மூடினபடி இருக்கு. நீங்கள் உள்ளுக்கை மேசையிலை இருந்து படம் வரைஞ்சுகொண்டிருக்கிறியள்.

இராசசிங்கம்: மூடியோ... மூடியோடையோ நிண்டனான்?

பியாட்றிஸ்: ஓம். நான் கிணத்துக்கட்டிலை இருந்து அழுதன். பேந்து முகத்தைக் கழுவிப்போட்டு மூடியைக் கழட்டினன். கண்ணை வைச்சுப் பாத்தன். முதல் ஒண்டும் தெரியேல்லை. குழாயை மெல்ல மெல்ல நகத்தித் தேடினன். நேரை பாக்கக்கூடாது, ஓரக்கண்ணாலை பாத்தாத்தான் மங்கல் தெரியும் எண்டு, ரெலஸ்கோப் வந்த புதுசிலை நீங்கள் சொன்னது நினைவு வந்தது. ஓரக்கண்ணாலை பாத்தன். தெரிஞ்சுது. எனக்குத்தானே ரெண்டு கண்ணும் புரை வெட்டிப் புது வில்லை வைச்சது.

இராசசிங்கம்: அண்டைக்குத் தொடக்கமோ?

பியாட்றிஸ்: அண்டைக்குத் தொடக்கம். நீங்கள் சாப்பிட இருப்பியள், நான் துணி மூடப் போவன். துணி மூடுறதுக்கு ஒரு மனுசிக்கு இருபது நிமிசம் ஏன் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. நீங்கள் படுத்த பிறகு கொப்பியை எடுத்து, கை விலகின இடத்தைத் திருத்துவன். கண்டதை மட்டும்தான் போட்டனான். உங்கடை பென்சில், உங்கடை அழுத்தம்.

இராசசிங்கம்: இருபத்திமூண்டும்?

பியாட்றிஸ்: இருபத்திமூண்டும். கீழை கண்ணால் கண்டது எண்டு எழுதியிருக்கிறியள். அது பொய்யாப் போகக்கூடாது. ஆரோ ஒராளாவது கண்ணாலை காணட்டும் எண்டு நினைச்சன். அது சரியோ பிழையோ, எனக்கு அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது.

இராசசிங்கம்: திங்கட்கிழமை?

பியாட்றிஸ்: பாத்த உடனை தெரிஞ்சுது. அவ்வளவு நாளும் பாத்த துணியிலை ஒரு குத்துக் கூடினாத் தெரியாதோ? மூண்டுதரம் கண்ணைத் துடைச்சிட்டுப் பாத்தன். அங்கைதான் நிண்டுது.

இராசசிங்கம்: எப்பிடி இருந்தது?

பியாட்றிஸ்: சின்னன். ஊசி முனை. ஆனால் உறுதியா நிண்டுது. ...கோவமோ?

இராசசிங்கம்: கோவம்தான். என்ரை கொப்பியிலை கை வைச்சனீர் எண்டு கோவம். உலகத்திலை முதல் கண்ட ஆள் என்ரை வீட்டிலை இருந்து எனக்கே சேட்டுத் தெறி பூட்டியிருக்கு எண்டு... என்னெண்டு சொல்லத் தெரியேல்லை. போனைத் தாரும்.

பியாட்றிஸ்: ஜொனதனுக்கோ?

இராசசிங்கம்: அவனுக்குப் பிறகு. முதல் கொப்பியை எடும். என்ரை கையெழுத்தை வெட்டும். வெட்டினது தெரியவேணும், அழிக்கவேண்டாம். நான் சொல்லுறதை எழுதும். "கண்டது பியாட்றிஸ் இராசசிங்கம். வரைந்தது இராசசிங்கம், காணாமல். மற்ற இருபத்திரண்டும் அப்படியே." எழுதினனீரோ?

பியாட்றிஸ்: காணாமல் எண்டும் எழுதவோ?

இராசசிங்கம்: எழுதும். அவை எடுக்காட்டிலும் பரவாயில்லை.

பியாட்றிஸ்: ...எழுதியாச்சு. படமும் எடுத்தாச்சு. அனுப்பவோ?

இராசசிங்கம்: அனுப்பும்.

பியாட்றிஸ்: போயிட்டுது. நாளைக்கு விடிய ஆசுப்பத்திரி. கதை பேச்சில்லை.

இராசசிங்கம்: வாறன். பாடத்தை இண்டைக்கு நீர் வாசியும். நான் பக்கத்திலை நிக்கிறன். போதகருக்கும் சனத்துக்கும் நான்தான் சொல்லுவன்.

கொலின்ஸ்: மாஸ்ரர், ரெண்டாம் மணி! அக்கா, என்ன செய்யிறியள் உள்ளுக்கை?

பியாட்றிஸ்: வாறம், கொலின்ஸ், வாறம். கையைத் தாங்கோ. படி ரெண்டு இருக்கு.

இராசசிங்கம்: படி தெரியும். ...பியா, ஒண்டு கேக்கிறன்.

பியாட்றிஸ்: நடந்துகொண்டு கேளுங்கோ.

இராசசிங்கம்: மற்ற நாளுகள் சரி, எனக்கு நோகும் எண்டு மறைச்சனீர். திங்கட்கிழமை கண்டது அப்பிடிப்பட்ட சாமானோ? உலகத்திலை ஒருத்தரும் காணாதது. அந்த நேரம் கூட ஏன் எனக்குச் சொல்லேல்லை?

பியாட்றிஸ்: சொல்லத்தான் மூச்சு வாங்க ஓடி வந்தனான். பாம்பு ஒண்டும் இல்லை. "இஞ்சருங்கோ" எண்டு வாய் திறக்கிறன், நீங்கள் இடியப்பத்தைப் பிசைஞ்சுகொண்டு, "இண்டைக்கு வானம் நல்ல துப்புரவு, பியா, ரெண்டு கையும் வடிவாத் தெரிஞ்சுது" எண்டு சொன்னியள். பேந்து நான் என்னத்தைச் சொல்ல? கிணத்தடியிலை பாம்பு எண்டு சொல்லிப்போட்டு, சம்பல் இன்னும் கொஞ்சம் போடவோ எண்டு கேட்டன்.